ஊறட்டும் கிணறு

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன்.

அப்பா ஓட்டும் எண்ணெய்க் கிணற்றில் ஊற்று குறைந்துவிட்டது. பம்பு வெறுங்கிணற்றில் டொம் டொம்மென்று இடித்து, கிணற்றுக்குள் இறங்கும் இரும்புக் கம்பி இருமுறை அறுந்தது. இன்னொரு முறை அறுந்தால் கிணற்றை மூடிவிடுவார்கள். அப்பாவுக்கு வேலை போய் நாங்கள் ஊர் திரும்ப வேண்டும்; என் பத்தாம் வகுப்பும் பாதியில் நின்றுவிடும். அதனால் இரவில் பம்பை நிறுத்தி, எண்ணெய் ஊறிய பிறகு ஓட்டச் சொன்னார் இன்ஜினியர் அக்கா.

"நிறுத்திட்டா எண்ணெய் எப்படிம்மா வரும்?" என்றார் அப்பா.

"மடி சுரக்குறதுக்குள்ள கறந்தா மாடு உதைக்காதா, அண்ணே?"

அப்பா சிரித்துவிட்டார். இன்றுதான் முதல் இரவு. பழகிய சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. கொஞ்சம் பயம்தான். அப்பாவும் தூங்காமல் வாசலுக்கு எதிரே பம்படியில்தான் உட்கார்ந்திருக்கிறார். என்ன ஆனாலும் பரீட்சை எழுதாமல் நான் ஊருக்கு வரமாட்டேன், அம்மா.

உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

இதோ, பம்பு ஓடத் தொடங்கிவிட்டது. காதைத் தீட்டிக் கேட்கிறேன். இடிக்கவில்லை, அம்மா. "அப்படித்தான் கண்ணு, மெதுவா, மெதுவா" என்று அப்பா பம்பிடம் பேசுகிறார். சிரிப்பை அடக்க முடியவில்லை. டார்ச்சை அணைக்கிறேன்.

உங்கள் மகள்