நீலக்கல்லும் என் இடது கன்னமும்

20 ஜூலை 1997, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். நேற்று சனி பகவானைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். இன்று காலை குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, ஆலயத்தில் வேதபாடம் வாசித்தேன். வாசித்தது பாதி வாய்தான். மீதிப் பாதி மூன்று வாரமாக லீவில் இருக்கிறது.

மாத ஆரம்பத்தில் ஒரு காலை, காபி இடது கடைவாய் வழியாகப் புடவையில் இறங்கியது. கண்ணாடியைப் பார்த்தால் வலது பக்கம் பிரிசில்லா, இடது பக்கம் பிரிசில்லாவைப் பிடிக்காத யாரோ. முகவாதம் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார், பலூன் ஊதச் சொன்னார். ரயில்வே பார்சல் ஆபீசிலிருந்து வரும்போது என் வீட்டுக்காரர் ஜெபசிங் ஒரு பாக்கெட் பலூன் வாங்கி வந்தார். ஊதினால் பலூனைத் தவிர எல்லா இடத்துக்கும் காற்று போகிறது.

அதுகூடப் போகட்டும். ஸ்டாஃப் ரூமில் நான் ஜோக் அடித்தால் யாரும் சிரிப்பதில்லை. 'த்சு' கொட்டுகிறார்கள். ஊர்க்கதை பேசியே பேர் வாங்கிய வாய் இது! ஆசிரியர் தினத்தில் எல்லா டீச்சர்களையும் நடித்துக் காட்டுவது வருஷா வருஷம் நான்தான். "இந்தத் தடவை ரெஸ்ட் எடுங்க, லதா பண்ணட்டும்" என்று ஹெச்.எம். அன்பாகச் சொன்னார். லதா! அட்டெண்டன்ஸ் எடுத்தாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரவைக்கிற லதா.

செப்டம்பர் ஐந்துக்குள் என் கன்னம் எனக்கு வேண்டும். அதற்காகச் சனியிடம்கூடப் போவேன் — போயாகிவிட்டது.

21 ஜூலை

எப்படிப் போனேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

கணக்கு டீச்சர் பெருந்தேவி என் பிறந்த தேதியைக் கேட்டாள். ஜூன் ஒன்று என்றேன். நேரம்? கோழி கூவுகிற நேரம் என்று அம்மா சொல்வாள். பஞ்சாங்கத்தைப் புரட்டி, விரல் விட்டு எண்ணி, என்னைத் துக்கம் விசாரிக்கிற மாதிரி பார்த்தாள். "ஜன்மச் சனிடி. உன் மேல உக்காந்துண்டு கன்னத்தைப் பிடிச்சு இழுக்கறான். வாதம், நரம்பு, எல்லாத்துக்கும் நீலம்தான்."

"நீங்கள்லாம் நவகிரகமே சுத்தமாட்டீங்களே?"

"சுத்தறது வேற. கல்லு சயன்ஸ்."

ஆக, நவகிரகம் சுற்றாத ஐயங்கார் ஒருத்தியும் ஞாயிறு பள்ளி டீச்சர் ஒருத்தியும் சனிக்கிழமை பஸ் பிடித்து மாமல்லபுரம் போனோம், சனியைப் பார்க்க.

ரதத்துக்குப் போகிற வழியில் அப்பாசாமி கடை. முன்னால் சோழி மாலை, உள்ளே ரத்தினம். "தோ பாரும்மா, வைரத்துக்கு அட்த்த கெட்டி இதான். மாணிக்கமும் இதுவும் ஒரு வவுத்துப் புள்ளைங்க, நெறந்தான் வேற. அசுரன் ஒர்த்தன் செத்தாம் பாரு, அவன் ரத்தம் மாணிக்கமாச்சி, கண்ணு நீலமாச்சி. கண்ணு போயி சிலோன்ல வுயுந்துச்சி. அதான் அங்க தோண்டத் தோண்ட வருது."

வேறு எந்தக் கல்லையும் வாங்கி அப்படியே போடலாமாம். நீலத்துக்கு மட்டும் வெள்ளோட்டம். நீலத் துணியில் முடிந்து, மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைக்க வேண்டும். "ஒத்துக்கிச்சின்னா ராணி மாரி இருப்ப. ஒத்துக்கலன்னா வூட்டையே தூக்கிரும். கல்லக் கொணாந்து குட்த்துரு."

எங்கள் தெருவில் ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் இதே மாதிரி மூன்று நாள் கொடுத்திருந்தால் எத்தனை வீடு பிழைத்திருக்கும்!

கனவு: ஒரு காக்கை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு என் வகுப்பில் பேப்பர் திருத்துகிறது. "வாகனமே வந்துடுத்தே!" என்று பெருந்தேவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

22 ஜூலை

குக்கர் வால்வு வெடித்தது. கெட்ட சகுனம் என்றேன். யார் மேலும் படவில்லையே, அதனால் நல்ல சகுனம் என்றாள் பெருந்தேவி. இவள் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகள் எப்படிப் பாஸாகிறார்கள்?

23 ஜூலை

வெள்ளோட்டம் முடிந்தது. வீடு இருக்கிறது, வீட்டுக்காரர் இருக்கிறார். கன்னம்தான் இல்லை. ஒத்துக்கொண்டதாகப் பெருந்தேவி தீர்ப்பு.

27 ஜூலை, ஞாயிறு

ஆலயத்தில் ஜெபசிங் கமிட்டி செயலாளர். அவருக்குத் தெரிந்தால்? முந்தாநாள் ஸ்கூல் லைப்ரரியில் தஞ்சம் புகுந்தேன். பழைய காலத்து ஐரோப்பாவில் பிஷப்மார் நீலக்கல் மோதிரம் போட்டிருக்கிறார்கள்! வானத்தின் நிறமாம். கண்வலிக்கும் விஷக்கடிக்கும் மருந்து என்று வேறு நம்பியிருக்கிறார்கள். பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கத்தில் இந்திரநீலம் உண்டு என்று ஞாயிறு பள்ளியில் நானே ஒப்பித்திருக்கிறேன். பாவம் செய்வதற்கு முன்னால் இவ்வளவு படித்தவள் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இருக்க முடியாது.

2 ஆகஸ்ட், சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நல்ல நீலத்தைப் பாலில் போட்டால் பாலே நீலமாகத் தெரியும் என்று அப்பாசாமி சொல்லியிருந்தார். மோதிரத்தில் கட்டுவதற்கு முன்னால் பார்த்துவிடலாம் என்று டம்ளர் பாலில் கல்லைப் போட்டேன். சரியாக அந்த நேரம் பக்கத்து வீட்டுத் தெய்வநாயகி காம்பவுண்டுச் சுவரில் தலையை நீட்டி, "டீச்சர், சேதி தெரியுமா? என் மருமவ பொட்டியத் தூக்கிக்கினு பூட்டா" என்றாள். இதைக் கேட்காமல் இருக்க நான் என்ன கல்லா?

திரும்பி வந்தால் ஜெபசிங் மேஜையில். டம்ளர் வாயில். 'கடக்' என்று ஒரு சத்தம்.

வாயிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இன்னா பிரிசில்லா, பால்காரன் தண்ணி ஊத்துவான், தெரியும். கல்லு கூடவா போட்றான்?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சனி, தலையணை, காக்கை, பிஷப்.

"வேதபாடம் வாசிச்சியே, அன்னிக்குமா?"

"அன்னிக்கும்தான்."

கத்துவார் என்று நினைத்தேன். கல்லைத் துண்டால் துடைத்து மேஜையில் வைத்தார். எனக்குத்தான் மனசு உடைந்துவிட்டது. பின்ன நான் இன்னாதான் பண்றது? ஊர்ல அத்தினி பேரும் என்னப் பாத்து த்சு கொட்றாங்க. நீங்ககூட என் மூஞ்சியப் பாத்துப் பேசறதில்ல!

"பாத்தா அழுவியேன்னுதான் பாக்கல" என்றார். அப்புறம், எழுந்து போகப் போனவர் நின்று, "அது கெடக்கட்டும். சனிக்கு நம்ம வூட்டு அட்ரஸ் எவன் குட்த்தான்?"

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் ஒரு ஜோக் சொன்னதில்லை. சிரித்தேன். அழுதுகொண்டே சிரித்தேன். அவர் குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார். "இரு, இரு. இன்னொரு தபா சிரி."

இடது கடைவாய் அசைந்ததாம். திரைச்சீலை ஓரம் காற்றில் ஆடுகிற அளவுக்கு.

4 ஆகஸ்ட்

"பால் பட்டதும் வேலையை ஆரம்பிச்சுடுத்து பார்!" — பெருந்தேவி. பால் நீலமாக இருந்ததா என்று கேட்டாள். பார்த்த ஒரே சாட்சி அதைக் குடித்துவிட்டது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

பலூன் ஊதிவிட்டேன். சின்னதுதான், கத்தரிக்காய் அளவு. வெள்ளி மோதிரம், நடுவிரல், கல் சதையில் படும்படி அடிப்பக்கம் திறந்தது. ஆலயத்தில் அந்தக் கையில் எப்போதும் கைக்குட்டை. "ஜலதோஷமா டீச்சர்?" என்கிறார் எங்கள் போதகர் ஐயர்.

5 செப்டம்பர்

நடித்தேன். ஹெச்.எம்.முக்கு ஜாதகம் பார்க்கிற பெருந்தேவியை நடித்தேன். கடைசியில் காபி குடிக்கிற பிரிசில்லாவை, வாய் கோணி, முந்தானை நனைய. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருத்திகூட த்சு கொட்டவில்லை. லதாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. நல்ல பெண். நான் எப்போதும் சொல்வதுதான்.

நீலக்கல்லின் மகிமையை ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன். மூன்று பேர் அப்பாசாமி கடைக்கு வழி கேட்டார்கள். ஜன்மச் சனி என்றால் லேசுப்பட்டதா!

7 செப்டம்பர், ஞாயிறு

கடப்பாக்கத்திலிருந்து அம்மா வந்தாள், பை நிறையக் கருவாட்டோடு. மோதிரத்தைப் பார்த்து, "இன்னாடி இது?" என்றாள். ஆதியோடந்தமாகச் சொன்னேன். ஜூன் ஒன்று, கோழி கூவுகிற நேரம், ஜன்மச் சனி.

"ஜூன்லயா? யாரு பொறந்தது?"

"நான்தாம்மா."

"நீ பொறந்தது நல்ல அடமழைல. வூட்டுக்குள்ளாற முட்டி வரிக்கும் தண்ணி."

"கோழி கூவுச்சின்னியே?"

"கூவற நேரம்னுதான் சொன்னேன். கோழி எங்க கீது? அது மொத நாளே வெள்ளத்துல பூட்ச்சி."

"வருஷா வருஷம் ஜூன் ஒண்ணாந்தேதி கேக் வாங்கறனே!"

"நீ வாங்கின, நான் துன்னேன்."

கருவாட்டை முறத்தில் உதறிக்கொண்டே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேலே விட்டுக் காதைத் தொடச் சொன்னார்களாம். தொட்டேனாம். தேதி கேட்ட வாத்தியாரிடம் இவள் "மழை" என்றாளாம். அவரே ஒன்றைப் போட்டுக்கொண்டாராம்.

"ஒனக்கு மட்டுமா? ஒங்க பெஞ்சு பூராத்துக்கும் அந்தத் தேதிதான்."