கழற்றிய கேபிள்

கடைக்குக் கிளம்பும்போதுதான் கேமரா அணைந்திருப்பதை லிடியா பார்த்தாள். பதறிப்போய் மாமியாரைத் தேடி ஓடினாள். சகாயம்மாள் கழற்றிய கேபிளை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

ஞாபகம் தப்பி அம்மா வெளியே போய்விடக் கூடாதென்று லிடியாவின் கணவன் ஜாஸ்பர்தான் கேமராவும் கதவுக்கு அலாரமும் மாட்டியிருந்தான். இரண்டுக்கும் கரண்டும் நெட்டும் அந்த ஒரே கேபிளில்தான். "அது ஒண்ண நம்பி அவங்கள தனியா விடறதா?" என்று லிடியா நேற்றுதான் சண்டை போட்டிருந்தாள்.

நைட் ஷிப்ட் முடிந்து இன்னும் வீடு திரும்பாத ஜாஸ்பர் போனை எடுக்கவில்லை. வந்ததும் அவன் கண்ணில் படும்படி ஒரு துண்டுத் தாளில் எழுதினாள்:

"ஏங்க, போன்ல படம் வரலன்னு பயந்துடாதீங்க. அம்மாவ என்கூட தையல் கடைக்குக் கூட்டிக்கினு போறேன். இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. நேத்து கத்திட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க."

அடியில் இடமில்லாமல் நெருக்கி எழுதினாள்:

"கேபிள கழட்டினது அம்மாதான். ஏன்னு கேட்டேன். 'எம்புள்ள அதுல என்னப் பாத்துக்கினே இருக்கான், ஒரு வார்த்த பேச மாட்டேங்கறான்'னாங்க. தூங்கறதுக்கு முன்னாடி கடைக்கு வந்து அவங்ககிட்ட கொஞ்ச நேரம் பேசிட்டுப் போங்க."