மூச்சு முட்டிய விதைநெல்

7.8.1972
எட்டாம் வகுப்பில் இன்று சுவாசித்தல் பாடம். பிராணவாயு கிடைத்தால் உயிர் தன் உணவை முழுதாக எரித்து நிறைய ஆற்றல் பெறும். கிடைக்காவிட்டால் பாதியில் நின்றுவிடும், ஆற்றலும் கொஞ்சம்தான். முளைவிட்ட பயறு வைத்த குடுவையில் வெப்பமானி ஏறியதும், "விதைக்குக் காய்ச்சலா டீச்சர்?" என்று கேட்டாள் மேரி. ஒரே சிரிப்பு.

9.8.1972
எங்கள் பேருக்கு வந்த நிலத்தில் முதல் விதைப்புக்கு ஏற்பாடு. மாமனார் காலம்வரை அடுத்தவர் நிலத்தில்தான் விதைத்தோம். ஊத்துக்கோட்டையில் வாங்கிய விதைநெல்லை ஊறவைத்து, வடித்து, முளைகட்ட மூட்டையாக்கிப் பரணில் ஏற்றினார் என் வீட்டுக்காரர். "நீ பள்ளிக்கூடத்தப் பாரு சாராளு, இது என் வேல." ஈஸ்டரிலிருந்து குடியை விட்ட மனிதர் — இப்படிச் சிரித்து எத்தனை வருஷம்!

11.8.1972
வீட்டுக்குள் கள் வாசம்.

12.8.1972
இன்றைக்கு இன்னும் அதிகம். எண்ணூர் கம்பெனியில் வேலை முடிந்து வந்த வீட்டுக்காரரைக் கேட்டேவிட்டேன்.
"கோயில்ல சத்தியம் பண்ணிக்கினு குடிப்பனா?"
"அப்ப இது இன்னா நாத்தம்? ஊடெல்லாம் அடிக்குதே!"
சாப்பிடாமல் வெளியே போய்ப் படுத்தார். பொய் சொல்கிறவர் இப்படியா போவார்? இல்லை, பொய்தான். எத்தனை தடவை ஏமாந்திருக்கேன்!

13.8.1972, ஞாயிறு
விதைக்க மூட்டையை இறக்கினார். கோணிக்குள் கெட்டியான பிளாஸ்டிக் பை, கம்பெனியில் கிடைத்தது. சூடும் ஈரமும் போகக்கூடாதென்று வாயை இறுக்கிக் கட்டியிருக்கிறார். அவிழ்த்ததும் குப்பென்று கள் நாற்றம். காற்றில்லாமல் நெல் பாதி எரிந்து, தனக்குள்ளேயே சாராயமாகி, அழுகிச் செத்துவிட்டது. திங்கட்கிழமை நான் நடத்திய பாடம்தானே இது? எனக்கு ஏன் தோன்றவில்லை? நாற்றம் என்றதும் அவரைத்தான் நினைத்தேன். வேறெதையும் தேடவே இல்லை.
"மன்னிச்சிருங்க."
"நெல்லு போனா போவுது சாராளு. நான் குடிக்கலன்னு உனுக்குத் தெரிஞ்சிதே." சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

28.8.1972
பக்கத்து நிலத்து ஆதிகேசவன் அண்ணன் கொடுத்த நெல்லை வெறும் கோணியில் கட்டினோம். நாற்று பச்சை பிடித்துவிட்டது.
ஆனால் இவர் வேலைவிட்டு வந்தால், எனக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று வாசலிலேயே நின்று வாய் கொப்பளிக்கிறார், பிறகுதான் உள்ளே. வேண்டாமென்றாலும் கேட்பதில்லை. இன்று தண்ணீர்ச் செம்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "உள்ள வாங்க" என்றேன். செருப்பைக் கழற்றிப் போட்டார். கொப்பளிக்காமலே வந்தார்.