கரண்ட் போனால் அடிக்காத மணி

மயிலாப்பூர்
8-6-1997

அன்புள்ள ஸ்ரீரங்கனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். ஜெர்மனியில் நீ சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார். சௌக்கியம் என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. டெலிபோனில் நீ என்னை முழுதாகப் பேசவிட்டதில்லை, அதனால் எழுதுகிறேன். கடைசிவரை படி.

போன தடவை வந்தபோது வாசல் கதவில் நீ செய்து மாட்டிய அந்தச் சிப்பு வைத்த போர்டு கரண்ட் இருக்கும்வரை ஒழுங்காகத்தான் இருக்கிறது. கதவு திறந்தால் மணி அடிக்கிறது, நான் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். கரண்ட் போனால் பேட்டரி பார்த்துக்கொள்ளும் என்றாய். பார்த்துக்கொள்ளவில்லை. இந்தக் கோடையில் கரண்ட் போகாத நாளே கிடையாது. அப்படி ஒரு மத்தியானம் நான் சமையலறையில் இருந்தபோது அப்பா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மணி அடிக்கவில்லை. ரிடையர் ஆனது மறந்து, தேனாம்பேட்டை ஆபீசுக்குப் போவதாக நினைத்து, நந்தனம் சிக்னலில் பஸ்களுக்கு நடுவில் நின்றிருக்கிறார். பையில் நான் எழுதிவைத்த விலாசத்தைப் பார்த்து ஓர் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டார். இன்னாம்மா, பெருசை இப்பிடியா தனியா வுடுவே, பஸ்ஸு அட்ச்சிருந்தா இன்னா ஆவறது என்று வாசலில் நின்று கத்தினார். அன்றிலிருந்து ஃபேன் நின்றாலே அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன்.

உனக்கு போன் செய்தேன். பேட்டரியை மாத்தும்மா என்றாய். மாற்றினேன், மறுபடியும் அதே கதை. நீ எதையாவது நோண்டியிருப்பே என்றாய். அதை நான் மறக்கமாட்டேன். உன் அப்பா வால்வு ரேடியோவைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்து போவார், உள்ளே ஒட்டியிருக்கும் சர்க்யூட் படத்தைப் பார்த்துப் பார்த்துத் திரும்பப் பொருத்தியவள் நான். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா ரேடியோவுக்கு வைத்திருந்த வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தேன், பழைய பேட்டரியும் ஒன்பது வோல்ட்டுக்குப் பக்கம், புதியதும் ஒன்பது. பேட்டரியில் குற்றம் சொல்ல இடமே இல்லை. இதற்கு நடுவில் தி.நகரிலிருந்து அம்பி சித்தப்பா வந்தார். பேசாம கதவைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கோங்கோ மன்னி, இதுக்குப் போய் சிப்பு கிப்பெல்லாம் எதுக்கு என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். ஒருநாள் பூட்டிப் பார்த்தவள்தான் நான். அப்பா கதவில் நெற்றியை மோதி மோதி ரத்தம் வந்தது, அது சித்தப்பாவுக்குத் தெரியாது. இனி பூட்டமாட்டேன். யார் சொன்னாலும் மாட்டேன்.

பிறகு ஒருநாள் கரண்ட் இல்லாதபோது மீட்டர் கம்பிகளைப் பேட்டரியில் வைத்தபடி கதவருகில் உட்கார்ந்திருந்தேன். முள் ஒன்பதில் நின்றது. அப்பா வந்து, நகரு, நாழியாயிடுத்து, மேனேஜர் காத்துண்டிருப்பார் என்று கதவைத் திறந்தார். காலை நீட்டி வழியை மறித்துக்கொண்டு முள்ளையே பார்த்தேன். போர்டில் மணிக்குக் கரண்ட் விடுகிற ரிலே டக்கென்றது, முள் ஐந்துக்கும் கீழே விழுந்தது, பச்சை விளக்கு அணைந்து, புதிதாக ஆன் செய்யும்போது சிமிட்டுவதுபோல் சிமிட்டியது. முள் மேலே ஏறியது, மறுபடியும் டக். அப்போதுதான் புரிந்தது. மணி இழுக்கிற கரண்டை அந்தச் சின்னப் பேட்டரியால் கொடுக்க முடியவில்லை. அடிக்கப் போகும்போதெல்லாம் வோல்டேஜ் படுத்துவிடுகிறது, சிப்பு மயங்கி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. கதவைச் சாத்திவைத்துச் சும்மா இருக்கிற பேட்டரியை அளந்தால் அது ஒன்பது காட்டாமல் என்ன செய்யும்? மணி அடிக்கும்போது அளந்து பார் என்று, இதையே படித்த நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. எலெக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய், ஆறு பெரிய டார்ச் செல் போடுகிற டப்பா வாங்கிவந்து இணைத்தேன். இப்போது முள் லேசாகத்தான் அசைகிறது. மணி தெருமுனைவரை கேட்கிறது.

இந்த வெள்ளிக்கிழமை காலையில் கரண்ட் போயிற்று. நான் குளியலறையில் இருந்தேன். மணி அடித்தது, நன்றாகவே அடித்தது. ஓடிவந்தவள் ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது, நான் தரையில் கிடக்கிறேன். கூப்பிட்டுப் பார்த்தேன், அந்த மணிச்சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தெருவில் இஸ்திரி போடும் பாஞ்சாலிதான் வந்து அப்பாவை மறித்திருக்கிறாள். கரண்டே இல்ல சார், ஆபீசுல ஃபேன் ஓடாது, இன்னாத்துக்கு வேர்த்துக்கினு போறீங்க என்றாளாம். அது அவருக்கு நியாயமாகப் பட்டிருக்கிறது. அப்போ இன்னிக்கு லீவு என்று திரும்பிவிட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் அடுத்த தெருவுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எனக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

இதைப் படித்ததும் நீ இன்னொரு போர்டு செய்து அனுப்பப் பார்ப்பாய். வேண்டாம். மணியில் இனி ஒரு கோளாறும் இல்லை. அது கேட்டவுடன் ஓடிப்போக இந்த வீட்டில் ஆள் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ஸ்ரீரங்கா.

வேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாக இரு. லீவு கிடைத்தால் வருகிறேன் என்று பதில் போடாதே. தேதி எழுது.

உன் அம்மா
நீரஜா