செசீலி இருக்கும் வீடு

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
18 சூன் 1934

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை அகஸ்டினாவுக்கு ரோசா அக்காள் எழுதுவது.

சர்வேசுரன் கிருபையால் சுகமாக வந்து சேர்ந்தோம். உன் மகள் செசீலி விழுப்புரத்தில் ரயில் மாறும்வரை அழுதாள், பிறகு என் மடியில் தூங்கிப்போனாள். அடுத்த வாரம் கன்னியர் மடத்துப் பள்ளியில் சேர்த்துவிடுவேன். படிப்போடு தையலும் சொல்லித்தருவார்கள். ஞானஸ்நானத்தின்போது அவளை ஏந்தி நின்ற ஞானத்தாய் நான். புருஷனும் போய், மழையில்லாமல் மல்லாட்டை விளைச்சலும் போன வருஷத்தில் உனக்கு நான் கைகொடுக்காமல் வேறு யார் கொடுப்பார்கள்? இப்போதைக்கு நீ வரவேண்டாம். உன்னைப் பார்த்தால் பிள்ளை ஏங்கிவிடும்.

உன் பிரியமுள்ள
ரோசா

---

முகையூர்
2 செப்டம்பர் 1934

அன்புள்ள ரோசா அக்காளுக்கு அநேக தோத்திரம்.

இங்கே இன்னும் ஒரு தூறல்கூட இல்லை. கேழ்வரகுக் கூழில் காலம் தள்ளுகிறேன். செசீலி அங்கே சோறு தின்கிறாள் என்று நினைத்தால் எனக்கும் வயிறு நிறைகிறது.

ஒரே ஒரு குறை. அவளுக்குத்தான் எழுதத் தெரியுமே, உங்கள் கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதச் சொல்லக்கூடாதா? மறந்திருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். மடத்தில் எந்தக் கன்னியாஸ்திரீத் தாயாரிடம் படிக்கிறாள், இரவில் யார் பக்கத்தில் படுக்கிறாள் என்றாவது எழுதுங்கள்.

உங்கள் தங்கை
அகஸ்டினா

---

நெல்லித்தோப்பு
20 நவம்பர் 1934

அன்புத் தங்கைக்கு,

கோபமா? பிள்ளைக்கு விரலில் நகச்சுற்று, அதனால்தான் எழுதவில்லை. நன்றாகச் சதைபோட்டுவிட்டாள். நீ பார்த்தால் அடையாளம் தெரியாது.

ஒரு சந்தோஷச் சேதி. பிஷப் மேற்றிராணியார் கையால் நெற்றியில் தைலம் பூசப்பெற்று உறுதிப்பூசுதல் வாங்கிவிட்டாள். நானே ஞானத்தாயாக அவள் தோளில் கைவைத்து நின்றேன். உன் நினைவு வந்து அழுதுவிட்டேன்.

ரோசா

---

முகையூர்
9 டிசம்பர் 1934

ரோசா அக்காளுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து நானும் அழுதேன், சந்தோஷத்தில்தான். கூழுக்கு மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது திடுக்கென்று உறைத்தது. ஞானஸ்நானத்துக்கு நின்றவள் உறுதிப்பூசுதலுக்கு நிற்கக்கூடாது, வேறொருத்தி நிற்கவேண்டும். நம் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து உபதேசியார் பிரம்போடு சொல்லிக்கொடுத்த பாடம் அல்லவா? எங்கள் பங்குச் சாமியாரிடமும் கேட்டேன். "அப்படி எந்தச் சாமியாரும் விடமாட்டாரே" என்றார்.

அக்கா, அந்தப் பூசையில் நீங்கள் இல்லை. அப்படியானால் செசீலி இருந்தாளா? நகச்சுற்றாவது நிஜமா? சந்தேகப்படுவது பாவம் என்று என்னை நானே திட்டிப் பார்க்கிறேன், மனம் கேட்கவில்லை. என் பிள்ளை எங்கே?

அகஸ்டினா

---

நெல்லித்தோப்பு
14 ஜனவரி 1935

அகஸ்டினாவுக்கு,

இதுவா எனக்கு நீ காட்டும் நன்றி? மடத்தில் இடமில்லை என்றார்கள். பெரிய வீடுகளில் பிள்ளைகளை வேலைக்குச் சேர்த்துவிடும் கிறிஸ்துதாஸ் மேஸ்திரி, அவளை ஒரு வெள்ளைக்கார மதாம் வீட்டில் விட்டிருக்கிறார். நல்ல வீடு, நல்ல சாப்பாடு. உன் மனம் நோகாதிருக்கத்தான் மறைத்தேன். நீ வந்து நின்றால் அவளுடைய வேலை போய்விடும். கூழுக்கே வழியில்லாத உனக்கு நான் செய்த உபகாரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்.

ரோசா

---

முகையூர்
10 பிப்ரவரி 1935

ரோசாவுக்கு,

புதன்கிழமை புதுச்சேரிக்கு வந்தேன். கிறிஸ்துதாஸைக் கள்ளுக்கடை வாசலில் பிடித்தேன். "அந்தப் பொண்ணா? அது அந்த வூட்டுல நிக்கல, வேற வூட்டுக்கு மாத்திட்டேன். எந்த வூடுன்னு எனக்கே ஞாபகமில்ல, போம்மா" என்றான். வெள்ளைக்காரர் தெருவெல்லாம் நடந்து, ஒவ்வொரு பின்வாசலிலும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தோட்டக்காரர்கள் விரட்டினார்கள்.

பிறகு உன் வீட்டுக்கு வந்தேன். நீ சந்தைக்குப் போயிருந்தாய். கிணற்றடியில் ஒரு சிறுமி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். செசீலிதான் என்று ஓடினேன். இல்லை.

"யாருடி நீ?"

"அஞ்சலாட்சி. எங்கம்மா பேரு தனம், திருக்கோவிலூர் பக்கம். இந்த அம்மா பள்ளிக்கூடத்துல சேக்கறேன்னு இட்டாந்தாங்க. நாளைக்கு ஒரு மேஸ்திரி வந்து கூட்டிம்போவாராம்."

"வூட்டுக்குப் போறியா?" என்றேன். சட்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

அவளைக் காணோம் என்று நீ யாரிடமும் போய்ச் சொல்லியிருக்க மாட்டாய். சொல்ல உன்னால் முடியாது. அடுத்த ஞாயிறு தனமும் அவள் அண்ணன் கண்ணையனும் என்னோடு வருகிறார்கள். பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது, கோவில் வாசலில் வைத்து உன்னைக் கேட்கப்போகிறேன். அதற்குள் செசீலி இருக்கும் வீட்டைக் கண்டுபிடித்து வை. முடியாதென்றால் நீயும் எங்களோடு பின்வாசல் பின்வாசலாக நடந்து, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அஞ்சலாட்சியைக் கண்டதும் தனம் அவளைக் கட்டிக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என் காலில் விழ வந்தாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ரோசா. பொறாமை வந்தது. பிள்ளை கிடைத்த ஒரு தாயைப் பார்த்து வயிறெரிகிறவளாக என்னை ஆக்கிவிட்டாய்.

அகஸ்டினா