அமெரிக்கப் பங்குக்கும் செய்கூலி

தை 9, வெள்ளி

நகைச் சீட்டு கட்டுவதுபோல மாதாமாதம் கொஞ்சம் பணம் அனுப்பி அமெரிக்கப் பங்கு வாங்குகிறேன். தரகுக் கட்டணமே இல்லை என்று செயலியில் போட்டிருந்தது. நானும் நம்பினேன்.

இன்று தி.நகர் நகைக்கடையில் மனைவி மல்லிகா ஒரு ஜோடி வளையலின் செய்கூலிக்காக மல்லுக்கு நின்றாள். எனக்கோ எரிச்சல். பொழுதுபோகாமல் போனில் வங்கிக் கணக்கைப் பார்த்தேன். பணம் வெளிநாடு போகும் ஒவ்வொரு தடவையும் வங்கி கட்டணம் பிடித்திருக்கிறது. சின்னத் தொகையானாலும் பெரிய தொகையானாலும் அதே கட்டணம்தான். டாலராக மாற்றும்போது இன்னும் கொஞ்சம் போயிருக்கிறது.

திருவான்மியூர் பஸ்ஸில் அவளிடம் சொன்னேன்.

"பேங்க் புடிச்சது செய்கூலி, டாலர் மாத்துறதுல போனது சேதாரம். பேரமே பேசாம குடுத்துட்டு வந்திருக்கீங்க!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இனி சேர்த்துவைத்து, வருஷத்துக்கு ஒரே தடவை அனுப்புவதாக முடிவு.

"அதுவரைக்கும் பணம் என் அக்கவுண்ட்ல இருக்கட்டும்" என்றாள். சரி என்றுவிட்டேன்.

இப்போது புது வளையலைக் கழற்றாமலே தூங்குகிறாள். அவளிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்க என்ன செய்கூலி என்று காலையில் கேட்க வேண்டும்.