நாலாவது மூலை

மார்ச் 4, செவ்வாய்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நூலகத்து மாடிக் கூடத்தில் அக்காவின் ஓவியங்களை மாட்டப் போகிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு அவள் தூரிகையைத் தொட்டதே போன வருடம்தான். எல்லாம் ஒரே அளவு. சட்டம் போட்டுத்தான் தர வேண்டுமாம். கடையில் போட்டால் சட்டத்தின் விலை ஓவியத்தை விழுங்கிவிடும்.

"விட்டுடலாம்டா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள்.

அந்த அடுத்த வருஷம் எனக்குத் தெரியும். வரவே வராது. பின்வாங்க அவளுக்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

"நானே பண்ணித் தரேன். நாலு கட்டை, நாலு மூலை. இதென்ன ராக்கெட்டா?" என்றேன். அக்கா வீட்டுக்காரர், என் மாமா, சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 5, புதன்

ஹார்டுவேர் கடை. மைட்டர் பாக்ஸ் என்று கேட்டேன். மேற்புறமும் இரு முனையும் திறந்த தொட்டி மாதிரி ஒரு பெட்டி. இரண்டு சுவரிலும் சாய்வாகப் பிளவு. கட்டையை உள்ளே வைத்து, பிளவில் ரம்பத்தை விட்டு இழுத்தால் நாற்பத்தைந்து டிகிரி. குழந்தைகூடச் செய்யும்.

கடைக்காரர் மூன்று ரகம் காட்டினார். பிளாஸ்டிக் பெட்டி, ரம்பத்தோடு சேர்த்து, சல்லிசு. மரப்பெட்டி, ரம்பம் தனி. மூன்றாவதில் ரம்பம் இரும்புத் தண்டில் ஓடுகிறது. விலையைக் கேட்டுவிட்டு மெதுவாகக் கீழே வைத்தேன். முதல் ரகத்தை வாங்கினேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 8, சனி

யோசித்திருக்க வேண்டும்.

அக்கா வீட்டு மாடிப்படிக்குக் கீழே பழைய மேசையைப் போட்டு ஆரம்பித்தேன். ரம்பத்துக்கு முதலைப் பல். கட்டையின் விளிம்பு நார் நாராகப் பிய்கிறது. பிளவோ அகலம்; உள்ளே ரம்பம் குடிகாரன் மாதிரி ஆடுகிறது. வெட்டியதில் பாதி அடுப்புக்குத்தான் லாயக்கு.

மார்ச் 10, திங்கள்

கடைக்காரரிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். "ஒரு டிகிரி விலகுதுங்க!"

"தம்பி, நீங்க அறுக்கறது மரமா வைரமா?" என்றார். ஆனாலும் மாற்றிக்கொடுத்தார். மரப்பெட்டி, முதுகில் இரும்புப் பட்டை வைத்த ரம்பம். பல் பொடிசு, நெருக்கம். பட்டை இருப்பதால் தகடு வளையவில்லை, பிளவில் கச்சிதமாக உட்காருகிறது. வெட்டிய முகத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. அப்பாடா.

மார்ச் 11, செவ்வாய்

அப்பாடாவை வாபஸ் வாங்குகிறேன். மூன்று மூலை கட்டிப்பிடித்துக்கொள்கின்றன. நாலாவது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஏன்?

மார்ச் 12, புதன்

வேலையிடத்திலிருந்து டிஜிட்டல் கோணமானியைக் கேட்டு வாங்கி வந்தேன். இயந்திர உதிரிகளை அளந்து, சேருமா சேராதா என்று தீர்ப்புச் சொல்வதுதான் என் உத்தியோகம். ஒவ்வொரு வெட்டாக வைத்துப் பார்த்தேன். நாற்பத்தைந்து. புள்ளிக்குப் பிறகும் சுழி. பெட்டி சரி, ரம்பம் சரி — அப்புறம் எந்தச் சனியன்தான் சரியில்ல?

மாமா எட்டிப் பார்த்தார். "என்ன மச்சான், ராக்கெட் கிளம்பிடுச்சா?"

அடுத்த கட்டையை எடுத்து அளந்தேன்.

மார்ச் 15, சனி

இன்றும் மாமாவிடம் அதே இளிப்பு. கத்திவிட்டேன். "அந்த இரும்புத் தண்டு ரகத்தையே வாங்கித் தொலைக்கிறேன்! இந்தப் பெட்டி வேஸ்ட்டு!"

அக்கா படியிறங்கி வந்தாள். போச்சு, 'விட்டுடலாம்' என்று சொல்லத்தான் வருகிறாள், சாக்கை நானே கையில் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவளோ சிதறிக் கிடந்த நீளக் கட்டைகளைத் தூரிகைகளை அள்ளுவதுபோல் கொத்தாக அள்ளி, மேசையில் நிறுத்தி இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஏன்டா, இவனுங்கல்லாம் ஒரே உயரம்தானே இருக்கணும்? இவன் என்ன குள்ளமா நிக்கிறான்?"

குனிந்து பார்த்தேன். ஒருவனா? பாதிப் பேர் குள்ளம். ஒரு மில்லிமீட்டர், சிலது அதற்கும் மேல்.

ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே டேப்பில் அளந்து, கோடு போட்டு, ஒருமுறை கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் வெட்டியிருக்கிறேன். எதிரெதிர்ப் பக்கம் சமமில்லாவிட்டால் கோணம் எவ்வளவு சுத்தமாக இருந்து என்ன, மூலை எப்படிச் சேரும்? புள்ளிக்குப் பின்னால் சுழியைத் தேடியவன், இரண்டு கட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. தீர்ப்புச் சொல்கிறவனாம், தீர்ப்பு!

"விட்டுடலாமா?" என்று நானே கேட்டேன்.

"கட்டை இன்னும் இருக்கில்ல? அறு" என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

பெட்டியை மேசையோடு திருகி, பிளவிலிருந்து வேண்டிய நீளம் தள்ளி ஒரு துண்டுக் கட்டையைத் தடுப்பாக ஆணியடித்து நிறுத்தினேன். ஒரு முனையை வெட்டு, தடுப்பில் முட்டும்வரை தள்ளு, மறுமுனையை வெட்டு. டேப்பைத் தொடவே இல்லை. நீளப் பக்கங்கள் முடிந்ததும் தடுப்பை நகர்த்தி அகலப் பக்கங்கள். பசை தடவிச் சேர்த்தால் — நாலு மூலையும் கப்சிப். நகம்கூட நுழையவில்லை.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தடவிப் பார்த்தார். "கிளம்பிடுச்சு" என்றார். போதும்.

மார்ச் 17, திங்கள்

யாராவது கேட்டால் சொல்ல: பெட்டியில் சிக்கனம் பிடி, ரம்பத்தில் பிடிக்காதே. தடுப்பு வை. கத்தாதே.

மார்ச் 22, சனி

கூடத்தில் நல்ல கூட்டம். அக்கா ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள். நான் ஓவியங்களைப் பார்க்கவில்லை, மூலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, வலது கீழ் மூலைக்கு மூக்கைக் கொண்டுபோனார். அங்கே ஏதாவது வாயைத் திறந்துவிட்டதா?

அவர் நிமிர்ந்து, "இதை வரைஞ்சவங்க வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

ஓவியத்தின் மூலையில் அக்கா போட்ட கையெழுத்தைத்தான் படித்திருக்கிறார்.

தூணுக்குப் பின்னால் கை காட்டினேன்.

ஏப்ரல் 2, புதன்

அக்காவின் போன். "டேய், அந்தப் பெட்டியத் தூக்கிப் போட்டுடாத. புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன். கதவு அளவு இருக்கும்."

கதவு அளவா! மாடிப்படிக்குக் கீழே அவ்வளவு நீளம் ஏது? தடுப்புக் கட்டையை எதிர்ச் சுவரில்தான் அடிக்க வேண்டும். மாமாவிடம் அவளே சொல்லட்டும்.